ஆறாவது மாத்திரை

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இத்தனை வருஷமும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அக்காள் நலமா இல்லையா என்பது இந்த நிமிஷம் எனக்கு எதிரே சாத்தியிருக்கிற கதவுக்குப் பின்னால் விசாரணையில் இருக்கிறது. உள்ளே டாக்டர் இருக்கிறார், சிஸ்டர் இருக்கிறார், மருந்துக் கம்பெனியின் தலைமை மருந்தாளுநர் அம்மாள் இருக்கிறார். கட்டிய கணவன் மட்டும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்ததும் அந்த வரியைப் பூர்த்தி செய்கிறேன். அதற்குள் நடந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் படித்த கையோடு நீங்கள் அந்தக் கம்பெனி மேல் ஒரு புகார் மனு எழுதித் தர வேண்டும். முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் நீங்கள். "மேற்படி எதிர்மனுதாரர்" என்று நீங்கள் ஆரம்பித்தாலே எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும்.

இந்த முதியோர் இல்லத்துக்கு மருந்து வருகிற விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே நாங்கள் ஐம்பத்து மூன்று பேர். யாருக்கும் மருந்து அட்டையிலோ பாட்டிலிலோ வருவதில்லை. ஊருக்கு வெளியே ஒரு கம்பெனி இருக்கிறது, இதே மாதிரி நாற்பது இல்லங்களுக்கு அவர்கள்தான் மருந்து. டாக்டர் எழுதுகிற சீட்டு நேரே அங்கே போய்விடும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் வேளைக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை வீதம், பெயரும் அறை எண்ணும் நேரமும் அச்சடித்து, ஒன்றோடொன்று ஒட்டிய நீளமான சுருளாக அனுப்புவார்கள். துளை போட்ட கோட்டில் கிழித்தால் ஒரு பை தனியாக வரும். மச்சான், அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அசல் டிக்கெட் சுருள்! அன்றைக்கே சிஸ்டரிடம் போய், "எங்க ரூம் சுருள நானே கிழிச்சுக்கறேம்மா, நீங்க பக்கத்துல நின்னு பாத்தா போதும்" என்று சொல்லிவிட்டேன். காலையில் சிஸ்டருக்குப் பதினெட்டு அறை பார்க்க வேண்டும், ஒரு அறையாவது குறைந்ததே என்று ஒப்புக்கொண்டார். மாலை ஏழு மணிப் பையை மட்டும் அவரே கொடுத்துவிடுவார், அந்த நேரத்தில் நான் கீழே சதுரங்கத்தில் எதிர் அறைத் தையல்காரரிடம் தோற்றுக்கொண்டிருப்பேன்.

கிழிப்பதற்கு முன் பையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி எண்ணிவிடுவது என் வழக்கம். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி தலை எண்ணின விரல், மாத்திரை எண்ணுவது பெரிய காரியமா? உங்கள் அக்காவுக்குக் காலையில் ஐந்து. இரண்டு வருஷமாக ஐந்து, ஒரு நாள் கூடினதில்லை, குறைந்ததில்லை. போன வாரத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தடவினேன். ஆறு. மறுபடி தடவினேன். ஆறேதான். டிக்கெட் எடுக்காமல் எவனோ ஒருவன் ஏறிக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறான்! மங்கலான மஞ்சள், சட்டைப் பொத்தானில் பாதி அளவு. பையின் மேல் மருந்துப் பெயர்களையெல்லாம் அச்சடித்துத்தான் இருக்கிறார்கள், ஆனால் என் கண்ணுக்கு அது வெறும் கோடு. தையல்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்து, வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். நான் விசாரித்து முடிப்பதற்குள் திங்களும் செவ்வாயும் உங்கள் அக்காள் அந்த ஆறாவதை விழுங்கிவிட்டாள்.

சிஸ்டரிடம் கேட்டேன். அந்தப் பெண் எப்போதும் படபடவென்று பேசுகிறவர். அன்றைக்கு மென்று முழுங்கினார்.

"அது வந்துங்க ஐயா... நீங்க அம்மாகிட்டயே கேட்டுக்கங்களேன்."

"அவகிட்ட எதுக்கும்மா கேக்கணும்? மருந்து குடுக்கறது நீங்க. நீங்க சொல்லுங்க."

"எனக்கு அடுத்த ரூமுக்கு நேரமாச்சு ஐயா" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் அடுத்துப் போக வேண்டியது எங்கள் தையல்காரர் அறைக்கு. அவர் அந்த நேரத்தில் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் வருகிற நாளில் அவரையும் வாசலில் மடக்கினேன். "உங்க மனைவிகிட்ட கொஞ்சம் உக்காந்து பேசுங்க ஐயா" என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பார்த்தீர்களா, எல்லாரும் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவளிடம் நான் என்னவென்று கேட்பது? நீ தினமும் காலையில் எதையோ விழுங்குகிறாய், அது என்னவென்று இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை, பயப்படாமல் காபியைக் குடி என்றா? அவளுக்குத் தெரியாமலே காரியத்தை முடிப்பது என்று தீர்மானித்தேன். கல்யாணத்தன்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

புதன்கிழமை முதல் ஆறாவதை நான் எடுத்துவிட ஆரம்பித்தேன். சிஸ்டர் ஓரடி தூரத்தில் நிற்பார். நான் பையைக் கிழித்துக் கிண்ணத்தில் கொட்டுகிற சாக்கில் மஞ்சளை மட்டும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, ஒரு இருமல் இருமி, சட்டைக் கைக்குள் தள்ளிவிடுவேன். முதல் நாள் அவசரத்தில் இருமல் நிஜமாகவே வந்துவிட்டது. சிஸ்டர் எனக்கு இருமல் மருந்து எழுதச் சொல்லவா என்று கேட்டார். இவர்களிடம் மருந்து வாங்கி நானும் படுக்க வேண்டியதுதான் பாக்கி! எடுத்த மாத்திரைகளையெல்லாம் என் பழைய தோல்பையில், விசில் வைக்கிற அறையில் ஒரு தகர டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். சாட்சியம் கையில் இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே அடிக்கடி சொல்வீர்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு கண்டம் வந்தது. சிஸ்டரை யாரோ வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போன சமயம், உங்கள் அக்காள் கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, இதுல ஆறு இருக்கணும்ல?"

சமாளித்தேன். "என்ன ஆறு? எப்பவும் அஞ்சுதானே."

"அஞ்சா?"

"ரெண்டு வருஷமா அஞ்சுதான். எண்றது என் வேலை, முழுங்கறது உன் வேலை."

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம், "அப்ப நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல" என்று சொல்லிவிட்டு ஐந்தையும் விழுங்கினாள். பாவம், சந்தேகப்படாமல் நம்பிவிட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் மச்சான், அந்த இரண்டு மாத்திரையே தன் வேலையைக் காட்டிவிட்டது. என் பஸ் தடத்தில் மொத்தம் இருபத்திரண்டு நிறுத்தம். உங்கள் அக்காளுக்கு அது தலைகீழ்ப் பாடம் என்று உங்களுக்குத் தெரியும். படுத்ததும் தூக்கம் வர ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள், கடைசி நிறுத்தம் வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். இப்போது கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து நேரே தபால் நிலையத்துக்குத் தாவிவிடுகிறாள். நடுவில் மூன்று நிறுத்தம் காணோம். தண்ணீர்த் தொட்டியடியில் இறங்க வேண்டியவர்கள் கதி என்ன என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு அறை முழுக்கத் தேடுகிறாள். சொன்னதையே திரும்பச் சொல்கிறாள். முன்னேயும் எப்போதாவது இப்படி நடந்ததுண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை, அதெல்லாம் வயசு. இது மாத்திரை. நான் நிறுத்தி ஒன்பது நாளாகியும் குணம் தெரியவில்லை, நாளுக்கு நாள் கூடத்தான் செய்கிறது என்றால் எப்பேர்ப்பட்ட விஷமாக இருக்க வேண்டும், நீங்களே யோசியுங்கள். இந்த இடத்தை மனுவில் அடிக்கோடிட்டு எழுதவும்.

நேற்று கம்பெனிக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் வாசித்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தார். அறை எண்ணைச் சொன்னேன். தட்டிப் பார்த்தார்.

"நீங்க யாருங்க சார் பேசறது?"

"அவங்க வீட்டுக்காரர்."

"மன்னிச்சுக்கங்க சார். அவங்க ஃபைல்ல தொடர்புக்குன்னு அவங்க தம்பி பேருதான் இருக்கு. உங்களுக்கு விவரம் சொல்ல எங்களுக்கு அனுமதியில்ல."

எனக்கு உச்சிமண்டையில் ஏறியது. நாற்பத்தாறு வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறவன் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், எங்கேயோ ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற உங்கள் பெயரை யாரோ கைதவறி எழுதி வைத்திருக்கிறார்கள்! பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள் மாத்திரையை எப்படி ஒழுங்காகப் போடுவார்கள்? மனுவில் இதுதான் முதல் குற்றச்சாட்டு.

வியாழக்கிழமைதோறும் கம்பெனி வேன் வரும். நீலப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, யாரும் சாப்பிடாமல் மிஞ்சின பைகளை எண்ணி வாங்கிக்கொண்டு போகும். இன்றைக்குக் காலையில் டிரைவர் கையெழுத்து வாங்க உள்ளே போன சமயம் பார்த்து, தோல்பையை மாட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, இறங்குங்க. இதுல மருந்து மட்டுந்தான் ஏத்தணும். ஆள் ஏத்தக் கூடாது."

"உங்க கம்பெனி பையில ஒண்ணு கூடுதலா ஏறலாம், உங்க வண்டியில ஒருத்தன் கூடுதலா ஏறக் கூடாதா?" என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒன்பது மாத்திரை. அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். யாரோ அந்தப் பக்கத்தில் கேட்கக் கேட்க இவர் "ஆமா மேடம், ஒம்போது மேடம்" என்றார். அப்புறம் போனை வைத்துவிட்டு, "பெல்ட்டப் போடுங்க ஐயா, உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். ஒரு திருப்பத்தில் பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டேன், அவர் பதறிப்போய் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் திட்டின திட்டு இங்கே எழுத முடியாது.

கம்பெனி நான் நினைத்த மாதிரி இல்லை. இருட்டும் புகையுமாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் ஆபரேஷன் அறை மாதிரி வெளுப்பு. தலைக்கு ஒரு காகிதக் குல்லாய் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின், மேலே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன டப்பா, ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டிய மாத்திரை சொட்டுகிற மாதிரி விழுகிறது. பை ஒட்டினதும் ஒரு கேமரா அதைப் படம் எடுக்கிறது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படத்தையும் டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள் மச்சான், என்னைவிட நன்றாக எண்ணுகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள்ளே எங்கேயோ லேசாக உதைத்தது. வந்த காரியத்தை விட்டுவிடக் கூடாது என்று நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

தலைமை மருந்தாளுநர் அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் உங்கள் அக்காளின் பைகளை வரிசையாகக் காட்டினார்.

"பாருங்க ஐயா. டாக்டர் சீட்டுல ஆறு. பையில ஆறு. படத்துலயும் ஆறு. எங்க பக்கம் தப்பில்ல."

"அப்ப டாக்டர் தப்பு."

"டாக்டரும் தப்புப் பண்ணல."

"பின்ன யாருங்கம்மா தப்பு?"

அந்த அம்மாள் என் கையிலிருந்த டப்பாவையே பார்த்தார். "இத எத்தனை நாளா எடுத்து வெக்கறீங்க? நடுவுல ஒரு நாளாவது குடுத்தீங்களா?"

"ஒம்போது நாள். ஒண்ணு கூட உள்ள போகல" என்று மார்தட்டினேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டவர்களுக்கு அப்படித்தான் வெளிறும் என்று நினைத்தேன். கீழே விழுந்தார்களா, தலை சுற்றுகிறதா, ஆள் அடையாளம் தெரிகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. ஆள் அடையாளமா! நாற்பத்தாறு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முகம் இது, தெரியாமல் எங்கே போகும்? டப்பாவை ஒரு பையில் போட்டு மூடி என்னிடம் கையெழுத்து வாங்கினார். டாக்டருக்குப் போன் செய்தார். தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நீங்க அவங்ககிட்ட நேரா கேட்டதே இல்லையா ஐயா?" என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

வந்ததும் மூவரும் உள்ளே போனார்கள். நானும் காலை வைத்தேன். உங்கள் அக்காள், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று சொல்லிவிட்டாள். கதவைச் சாத்தி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. தையல்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். இத்தனை நேரமும் வீராப்பாக எழுதிக்கொண்டு வந்தேன், மச்சான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாத்திரையால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, அல்லது நான் எடுத்ததால் ஆகிவிட்டதா என்று இப்போது என் மண்டைக்குள் ஒரு கேள்வி ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. எதுவாக இருந்தாலும் மனுவைத் தயார் செய்யுங்கள். கடுமையாக இருக்கட்டும். கம்பெனி, டாக்டர், சிஸ்டர், புல்லாங்குழல் வாசித்தவன் எல்லாரையும் சேர்த்துவிடுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பேரப் பிள்ளைகளுக்கு இந்தத் தாத்தாவின் ஆசிகள், நன்றாகப் படித்து நன்றாகத் தூங்கி எழட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், அதற்கு மாத்திரை கொடுத்தால் எண்ணிப் பார்த்துச் சாப்பிடவும். கதவுப் பிடி அசைகிற சத்தம் கேட்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு. மனு எழுத வேண்டாம். எழுதித்தான் தீர வேண்டுமென்றால் எதிர்மனுதாரர் இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அது மறதிக்கான மாத்திரை. மறதி கூடுவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுமாம். இரண்டு மாதமாக மாலைப் பையில் வந்துகொண்டிருந்ததாம், நான் சதுரங்கம் ஆடப் போகிற நேரமாகப் பார்த்து அவளே கேட்டு வாங்கிய ஏற்பாடு. தூக்கம் கெடுகிறது என்று டாக்டர் காலைக்கு மாற்றியிருக்கிறார். கம்பெனி எழுதினது எழுதினபடி செய்திருக்கிறது. ஒன்பது நாள் விட்டுப்போனதால் இனிக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காலைக்கு மாத்தினதும் நிம்மதியாப் போச்சு. நீங்க எப்படியும் எண்ணிடுவீங்க, ஆறுன்னு பாத்து என்னன்னு கேப்பீங்க, அப்ப சொல்லிடலாம்னு தினமும் காத்துட்டிருந்தேன். நீங்க கேக்கவேயில்ல" என்றாள். அப்புறம், "வெள்ளிக்கிழமை அஞ்சுதான்னு அடிச்சுச் சொன்னீங்களே, அன்னிக்குத்தாங்க நான் ரொம்பப் பயந்துட்டேன். எண்ணக்கூட முடியாமப் போச்சான்னு" என்றாள். மச்சான், முப்பத்தாறு வருஷத்தில் ஒரு பயணியிடம்கூட நான் எண்ணிக்கையில் பொய் சொன்னதில்லை.

தம்பிக்குத் தெரியும் என்றும் சொன்னாள். கம்பெனி உங்கள் பெயரைக் கைதவறி எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. சரி, அவள் கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனாலும் மருந்து வருகிற விதத்தை நான் உங்களுக்கு இவ்வளவு விளக்கமாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

மேலே இடம் விட்ட வரியில் நலம் என்று போடட்டுமா என்று கேட்டேன். "இன்னிக்கு நலம்னு போடுங்க" என்றாள். இன்றைக்கு நலம். நலமறிய ஆவல்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். விசில் ஊதின இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். "இத அனுப்புங்க. அவன் படிச்சதும் திருப்பி வாங்கி பத்திரமா வெச்சுக்கங்க. ஒரு நாள் இல்ல ஒரு நாள் எனக்கு உங்கள யாருன்னு தெரியாமப் போனா, இதப் படிச்சுக் காட்டுங்க. இந்தக் கூத்தெல்லாம் பண்ற ஆளு ஒருத்தர்தான்னு உடனே தெரிஞ்சுரும்" என்றாள்.

ஆகவே படித்த மறுநாளே திருப்பி அனுப்பவும். பதிவுத் தபாலில் அனுப்பவும். மொத்தம் ஒன்பது தாள், எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.